வரிக்கும் வரம்பு உண்டு
(பெண்ணாடம் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



இங்கிலாந்து ராஜா ஜான் 1215-ல் பிரபுக்களிடம் மாட்டிக்கிட்டு மேக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை போட்டார். பார்லிமெண்ட் சம்மதமில்லாமல் ராஜா வரி போடக்கூடாது என்று 1689-ல் சட்டமே வந்தது. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பக்கத்து விருத்தாசலம் கோயில் கல்வெட்டை மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லித் தரலை!

1429-ஆம் ஆண்டு. விஜயநகர ராஜா இரண்டாம் தேவராயர் காலம். ராஜ அதிகாரிகளும் காணியாளர்களும் வரி வரி என்று கசக்கிப் பிழிந்தார்கள். வலங்கை, இடங்கை என்று எதிரும் புதிருமாக நின்ற சாதிகள் ஒண்ணா கூடின. கொடுமை செய்கிறவனுக்கு இடம் கொடுக்காதே, கணக்கு எழுதாதே என்று முடிவு கட்டின. கணக்கு எழுத ஆளில்லை என்றால் வரி எப்படி வசூலாகும்? மீறினவனைக் குத்திக் கொல்லணும் என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அது நமக்கு வேண்டாமய்யா!

அதே ஆண்டு, தஞ்சைச் சீமை கொறுக்கைக் கல்வெட்டு இன்னும் தெளிவு. விளைச்சலைப் பார்க்காமல் வரி போட்டார்கள், ஊரை விட்டே ஓட இருந்தோம். நாம் ஒன்றுபடாததால்தான் இந்த அநியாயம் என்று புரிந்தது. இனி விளைந்ததற்குத் தக்க நியாயமான வரிதான் கொடுப்போம் என்கிறார்கள்.

அங்கே கேட்டது பிரபுக்கள். இங்கே கேட்டது உழுதவனும் தொழில் செய்தவனும்.

நாளைக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று தனித்தனியா நிற்காதீங்க. அழிந்த பயிரை வயலில் இறங்கிப் பார்த்துக் கணக்கெடு என்றுதானே நாமும் கேட்கிறோம்?