பாட்டியின் ஆழாக்கு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாடகமும் நாட்டியமும் காணக் காத்திருக்கும் இச்சபையில் அடுப்படிப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ் வளர்க்கவேண்டிய சங்கத்தில் பலகாரத்துக்கு என்ன இடம் என்றும் கேட்கலாம். நம் மொழி எந்த நாவில் வாழ்கிறதோ அந்த நாவில்தான் நம் சுவையும் வாழ்கிறது. ஒன்று தேய்ந்தால் மற்றொன்றும் தேயும் என்பதை இந்தக் கரக்பூர்க் காலனியில் வாழும் நாம் கண்கூடாகக் காண்கிறோம். ஆகவே இன்று தீபாவளி அதிரசத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

அதிரசம் நேற்று வந்த பண்டமன்று. விசயநகர வேந்தர் காலத்தில் திருமலைக் கோயிலில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்களில் அப்பப்படி, அதிரசப்படி என்ற நிவேதனங்கள் இடம் பெற்றுள்ளன. நமக்கு மட்டுமே உரியது என்று பெருமை பேசவும் வழியில்லை. நம் அடுத்த வீட்டுத் தெலுங்கர் சங்கராந்திக்குச் செய்யும் அரிசெலு இதன் உடன்பிறப்பு. ஒரியா நண்பர் மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் இலக்குமிக்குப் படைக்கும் பிட்டா வகைகளில் ஆரிசா பிட்டாவும் உண்டு. மராட்டியர் அரிசியை மூன்று நாள் ஊறவைத்து, கசகசாவில் ஒற்றி அனாரசே சுடுகின்றனர். பீகாரில் அதுவே அனர்சா. ஒரே காலனியில் தட்டு மாற்றிக்கொள்ளும் நமக்கு, அரிசியும் வெல்லமும் இந்நாட்டை எவ்வளவு நெருக்கமாகப் பிணைத்திருக்கின்றன என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, எங்கள் இல்லத்து முறையைக் கூறுவோம். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் வெள்ளைத் துணி விரித்து உலர்த்தவேண்டும். கையில் அள்ளினால் ஈரம் தெரியவேண்டும், நீர் ஒட்டக்கூடாது. அந்த நிலையில் இடித்துச் சலித்த ஈரமாவுதான் பாகோடு இணங்கும். கடையில் பொட்டலமாக விற்கும் உலர்ந்த மாவு இதற்கு உதவாது. வெல்லத்தை நனையும் அளவு நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பேற்றிக் காய்ச்சவேண்டும். ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால், கரையாமல் மெத்தென்று உருண்டு வரவேண்டும். அதுவே பதம். பதம் குறைந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், மிகுந்தால் கல்லாகும். இறக்கிய பாகில் ஏலப்பொடியும் சுக்குப்பொடியும் சேர்த்து, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறவேண்டும். சற்றுத் தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிடவேண்டும். ஆறினால் தானே இறுகும். மேலே நெய் தடவி மூடி, ஓர் இரவாவது வைத்திருந்து, மறுநாள் வாழையிலையில் தட்டி, இளந்தீயில் சுட்டெடுத்து, இரண்டு கரண்டிகளுக்கிடையே அழுத்தி எண்ணெயை வடிக்கவேண்டும். இப்படிச் சுட்டது பல நாள் கெடாது. இரவுப் பணிக்குச் செல்வோரின் டிபன் பெட்டியில் இதைவிட நம்பத்தக்க துணை வேறில்லை.

இதில் அளவு எங்கே என்று தாய்மார்கள் கேட்பீர்கள். இன்று நாம் பேச எழுந்ததே அதற்காகத்தான்.

எங்கள் பாட்டிக்கு எண்பத்தெட்டு வயதாகிறது. அவர் அறிந்த அளவு, ஒரு படி அரிசிக்கு முக்கால் வீசை வெல்லம். படி என்பது எட்டு ஆழாக்கு. வீசை என்பது நாற்பது பலம். 1956-ஆம் ஆண்டில் எடை அளவைச் சட்டம் வந்தபின், மெட்ரிக் முறை பரவி, வீசையும் பலமும் கடைத்தெருவை விட்டுச் சென்றன. படியும் ஊருக்கு ஊர் பெரிய படி, சின்னப் படி என்று வேறுபட்டது. ஆகவே, "ஒரு படி, முக்கால் வீசை" என்று வாயால் மனப்பாடம் செய்த பேரப்பிள்ளைக்கு அச்சொற்கள் கையில் பயன்படமாட்டா.

பாட்டியின் பித்தளை ஆழாக்கு நல்வாய்ப்பாக எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து தராசில் இட்டோம். 165 கிராம் நின்றது. எட்டு ஆழாக்குக்கு 1,320 கிராம். முக்கால் வீசை ஏறத்தாழ 1,050 கிராம். ஆக, ஒரு கிலோ அரிசிக்கு 800 கிராம் வெல்லம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அந்த ஆழாக்கு பழைய பாத்திரங்களோடு எடைக்குப் போயிருந்தால் இக்கணக்கும் உடன் போயிருக்கும்.

அளவை எழுதிவிட்டோம்; பதத்தை எழுத இயலவில்லை. பாட்டிக்குப் பார்வை மங்கிவிட்டது. பாகை அவர் இப்போது காண்பதில்லை. தண்ணீரில் திரண்ட உருண்டையை நாம் எடுத்துக் கொடுக்கிறோம். அவர் விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி வரட்டும்" என்கிறார். அடுத்த உருண்டையைத் தொட்டதும், "போதும், இறக்கு" என்கிறார். அந்த இரண்டு உருண்டைகளுக்கும் உள்ள வேறுபாடு எந்தப் புத்தகத்திலும் அடங்காது. அவர் விரல் தொட்ட அதே உருண்டையை நம் விரலும் தொட்டு அறிந்தாலன்றி அது நமக்குக் கிட்டாது. அதற்கு இன்னும் எத்தனை தீபாவளிகள் உள்ளன என்பதை நாம் அறியோம். இது எங்கள் வீட்டுக் கவலை மட்டுமன்று. முதியோர் உள்ள ஒவ்வொரு வீட்டின் கவலையுமாகும்.

அன்பர்களே! நாம் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் நமதன்று. ஓய்வு பெறும் நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டுச் செல்லவேண்டியவர்கள் நாம். பிள்ளைகளோ பெங்களூர், புனே என்று பிரிந்து வாழ்கிறார்கள். முன்னோர் வீடென்று காட்ட நமக்கு ஒரு திண்ணையும் இல்லை. மாற்றல் உத்தரவு எங்கே அனுப்பினாலும் உடன் வரக்கூடிய சொத்து இத்தகைய கைப்பழக்கம் ஒன்றுதான். கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டியை நாம் குறை கூறவில்லை. பணி முறையின் கடுமை நமக்கும் தெரியும். ஆனால் வாங்கும் பழக்கம் வளர்ந்த வீட்டில் செய்யும் பழக்கம் ஒரே தலைமுறையில் மறைந்துவிடும்.

ஆதலால் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, பழைய ஆழாக்கும் படியும் உள்ள வீட்டார் அவற்றில் அரிசியை அளந்து, எடையைக் குறித்துக்கொள்ளவேண்டும். இரண்டாவது, வரும் தீபாவளிக்கு முந்தின ஞாயிறன்று, சங்கக் கூடத்தில் முதியோரை நடுவில் அமர்த்தி, இளையவர் பாகு காய்ச்சவேண்டும். அவர்களில் ஆண்பிள்ளைகளும் கட்டாயம் இருக்கவேண்டும். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் காலத்தில் இது மகளிர் கலை என்று ஒதுங்குவது முறையாகாது. மூன்றாவது, ஒவ்வொரு வீட்டு முறையையும், எந்த ஊர் வழக்கம் என்ற குறிப்போடு, ஒரு நோட்டில் தமிழில் எழுதிச் சங்க நூலகத்தில் வைக்கவேண்டும். தெலுங்கு, ஒரியா நண்பர்களின் முறைகளும் அதில் இடம் பெறட்டும்.

முதல் பக்கத்துக்கு எங்கள் வீட்டுக் கணக்கைச் செயலாளர் அவர்களிடம் இன்றே ஒப்படைக்கிறோம். அடுத்த பக்கங்களை நிரப்பும் பொறுப்பு உங்களுடையது.