ஒவ்வொரு முடிச்சும் தனித்து நிற்க வேண்டும்
(கீழவைப்பார் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



2017-ல் தூத்துக்குடி 'ஸ்மார்ட் சிட்டி'ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நகரத்தின் காரியங்களைக் கம்ப்யூட்டர் வலையில் பிணைப்பது அத்திட்டத்தின் ஒரு நோக்கம். 2025 மார்ச்சில் திட்டம் முடிந்தது. இனி யந்திரங்களைக் காப்பது யார்?

இது பட்டணத்துக் காரியம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். ரேஷன் கடையில் கைரேகை யந்திரம் நின்றால் யாருடைய அரிசி நிற்கிறது? நம்முடைய அரிசிதான்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்துவிட்டோமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டது. மின்சாரம் போயிற்று, டெலிபோன் ஊமையாயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு ரயில் நின்றுவிட்டது. அன்று ஜனங்களை மீட்க மீனவர்களின் படகுகள் வந்தன.

வெள்ளம் மட்டுமல்ல, எதிரியும் கம்பி வழியே வருவான். 2017 ஜூனில் ஒரு நாசகார புரோகிராம் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியைத் தாக்கியது. மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில் அதன் கண்டெய்னர் முனையம் ஸ்தம்பித்தது. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி தாக்கப்பட்டது. ஊழியர்கள் பல நாட்கள் காகிதத்திலும் பேனாவிலும் வேலையை நடத்தினார்கள். 2019-ல் நமக்கு அருகே கூடங்குளத்திலும் அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றில் விஷம் புகுந்தது. உலையை இயக்கும் அமைப்பு வெளி வலையோடு சேராமல் தனித்திருப்பதாக அணுமின் கழகம் சொல்லிற்று. பாடம் இதுதான்: உயிர்நாடியான காரியத்தை எல்லாவற்றோடும் பிணைக்காதே!

இவ்வூர் மீனவத் தோழர்கள் அறிவார்கள். வலையில் ஒரு கண் அறுந்தால் வலை முழுதும் பிரிந்து போவதில்லை. ஒவ்வொரு முடிச்சும் தன்னளவில் இறுகி நிற்கிறது. நகரமும் அப்படி இருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: கம்ப்யூட்டர் நின்றாலும் கையால் திறக்கும் வால்வு வேண்டும். வெள்ளம் எட்டாத உயரத்தில் ஜெனரேட்டர் வேண்டும். கணக்குகளின் நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும். மழைக்கு முன்பே ஒத்திகை நடக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் வேண்டும்! எந்தச் சந்தில் எந்த வால்வு இருக்கிறதென்று அறிந்தவன் தொழிலாளி. யந்திரம் வந்துவிட்டதென்று அவனை வீட்டுக்கு அனுப்பி, எல்லாவற்றையும் காண்டிராக்டில் விட்டால், இருட்டில் அதைத் திறப்பது யார்? விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கவில்லை. அது லாபத்துக்குக் காவல் நிற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

நிரந்தர வேலை சர்க்கார் போடும் பிச்சையல்ல, ஊருக்கே பாதுகாப்பு! மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் மீனவனும் இக்கோரிக்கையில் ஒன்றுபடுவோம்!

உழைப்பாளர் ஒற்றுமை ஓங்குக!