மனநோய்க்கான மருந்து மூளையில் செய்வது என்ன?

(மஞ்சக்குட்டை ஜமாஅத் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். மனநோயும் ஓர் உறுப்பின் நோயே, அதற்கு மருந்து உண்டு என்பதை நாம் உணராதவரை அச்சங்கிலி அறுபடாது.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையிலுள்ள மிக நுண்ணிய இடைவெளியில் டோபமைன், செரோடோனின் போன்ற வேதிப்பொருள்களைச் சுரந்து செய்தி அனுப்புகின்றன. அப்பொருள் அடுத்த நரம்பணுவின் ஏற்பியில், பூட்டில் சாவி பொருந்துவதுபோல் பொருந்துகிறது. பணி முடிந்ததும் அனுப்பிய நரம்பணுவே அதனை மீள உறிஞ்சிக்கொள்கிறது.

இவ்வழியில் மருந்து குறுக்கிட முடியும் என்று காட்டியவற்றுள் நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவும் ஒன்று. ஹகீம் அஜ்மல் கானின் அழைப்பை ஏற்றுத் தில்லியில் ஆய்வு செய்த விஞ்ஞானி சலீமுஸ்ஸமான் சித்தீகி, 1931இல் அதன் வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, ஹகீமின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். அது இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்தாயிற்று. 1952இல் அதே வேரிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. நரம்பணுவுக்குள் டோபமைன் சேமிக்கப்படும் நுண்பைகளை அது நிரம்பவிடுவதில்லை. அதனால் மனக்கொந்தளிப்பு தணிந்தது.

பின்னர் வந்த மருந்துகள் வேறு இடங்களில் செயற்படுகின்றன. இல்லாத குரல்கள் கேட்போருக்குத் தரப்படும் மருந்துகளுள் பெரும்பாலானவை டோபமைன் ஏற்பியை அடைக்கின்றன. மனச்சோர்வுக்கான ஃபுளுவாக்செட்டின், செரோடோனின் மீள உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. இத்தடை சில மணி நேரத்தில் தொடங்கிவிடுகிறது. பலன் தெரியவோ பல வாரங்கள் ஆகின்றன. ஏற்பிகள் புதிய நிலைக்குப் பழக வேண்டும். மரபணுக்கள் இயங்கிப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். நரம்பணுக்களின் இணைப்புகள் வலுப்பெற வேண்டும். மலைச்சரிவில் நட்ட காப்பிச் செடி மறுவாரமே காய்ப்பதில்லையே!

ஆகவே, பத்து நாளில் பலனில்லை என்று மாத்திரையை நிறுத்துவதும், குணமாகிவிட்டது என்று தாமாகவே விட்டுவிடுவதும் நோயை மீண்டும் அழைப்பதாகும்.

ரமளானில் கூடுதல் கவனம் தேவை. லித்தியம் உட்கொள்வோரின் உடலில் நீர் குறைந்தால், சிறுநீரகம் அம்மருந்தை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும், மருந்தே நஞ்சாகலாம். நோன்பு தொடங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகையையும் மறவாதீர்கள்.

நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. ஒரு வீட்டில் இத்துன்பம் இருப்பின் அதனை மூடி மறைக்க வேண்டாம். மலையிறங்கிச் செல்லும் அக்குடும்பத்துக்குத் துணையாக ஜமாஅத்தில் ஒருவர் உடன் செல்வோம். துஆவும் செய்வோம்; மருந்தையும் தொடர்வோம்.