மூடுபனி மலையில் ஒரு நினைவுக்கல்
(சங்க வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



யாத்திரை என்றதும் கதிர்காமப் பாதயாத்திரையே நம்மவர் நினைவுக்கு வரும். நாம் இன்று சொல்லவந்த நடை வேறு. இங்கிலாந்தில் மன்செஸ்ரருக்கும் ஷெபீல்டுக்கும் இடையே பிளீக்லோ என்றொரு மேட்டுநிலம் உண்டு. மரமில்லை, வீடில்லை, கறுத்த சதுப்பு மண்ணும் புல்லுந்தான். அங்கே அமெரிக்க இராணுவ விமானம் ஒன்று 1948ஆம் ஆண்டு முதல் சிதறிக் கிடக்கிறது. அதனைச் செலுத்திய கப்டன் டானருக்கும் உடன் மாண்டோருக்கும் அஞ்சலி செய்ய நாம் நால்வர் ஒரு நவம்பர் மாதத்திற் சென்றோம்.

ஸ்நேக் கணவாயில் மோட்டார் வீதியை விட்டிறங்கினால் 3, 4 கிலோமீற்றர்தான். தூரம் பெரிதன்று. சேறுதான் பெரிது. மழைநீர் அறுத்த பள்ளங்களில் இறங்கி ஏறும்போது திசை மயங்கிவிடும். மூடுபனி வந்தாலோ பத்தடிக்கு அப்பால் யாதுந் தெரியாது. கையிலே திசைகாட்டி இருந்தும் நாம் பலமுறை நின்று நின்றே போனோம். ஏறத்தாழ 620 மீற்றர் உயரமுள்ள மேற்பாறைகளை அணுகியபோது, பனிக்குள்ளே யந்திரங்கள் கரிய உருவங்களாய்த் தோன்றின. நாலு யந்திரங்கள், சக்கரங்கள், நெளிந்த தகடுகள். எவரும் பேசவில்லை.

பி-29 ரகத்தைச் சேர்ந்தது இவ்விமானம். 1946இல் பிக்கினித் தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளைப் படம்பிடித்தது இதுவே. அந்தப் பயங்கர மேகத்தைக் கண்டு மீண்டது, 1948 நவம்பர் 3ஆம் திகதி சாதாரண மழைமேகத்தில் அழிந்தது. ஸ்காம்டன் தளத்திலிருந்து பேர்ட்டன்வூட்டுக்கு அரைமணிக்குங் குறைந்த பயணம்; சம்பளப் பணமும் தபாலும் ஏற்றிச் சென்றது. மலையைக் கடந்தாயிற்று என்றெண்ணி மேகத்தினூடே தாழ்த்தியிருக்க வேண்டும். 13 பேரும் மாண்டனர். அயலில் பயிற்சியை முடித்துக்கொண்டிருந்த பிரித்தானிய விமானப்படை மலைமீட்புக் குழு ஓடிச் சென்றும் காப்பாற்ற ஒருவரும் இருக்கவில்லை.

நம் முன்னோர் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டனர். தபால் கொண்டுபோய் மாண்டவனுக்கும் கல் வேண்டுமா என்று எம்மில் ஒருவர் கேட்டார். வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். அங்குள்ள கல்லை 1988இல் நாட்டியவர்கள் யார் தெரியுமா? பின்னிங்லி விமானத் தளத்தில் வழியறியும் வித்தையைப் பயின்ற மாணவர்கள்! வழி தவறி மாண்டவர்களை அவர்களல்லவா முதலில் நினைக்கத்தக்கவர்கள்.

எம்முடன் வந்த தம்பி ஒருவர் சிறு தகடொன்றை எடுத்து, சங்க மண்டபத்தில் வைக்கலாமே என்றார். அவர் எண்ணத்தில் களங்கமில்லை. எனினும் இப்படி ஆளுக்கொன்றாய் எடுத்தே பலவும் போய்விட்டன. வாக்குவாதம் சிறிது நீண்டது. கப்டன் டானரின் திருமண மோதிரம் பல்லாண்டுகளின்பின் அம்மண்ணிலிருந்து அகப்பட்ட செய்தியை அப்போது சொன்னோம். கண்டெடுத்தவர் அதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. அவர் குடும்பத்தாரிடம் சேர்ப்பித்தார்.

தம்பி தகட்டை எடுத்த இடத்திலேயே வைத்தார். யாரோ சிவப்புத் துணிப்பூக்களைக் கல்லடியில் வைத்திருந்தனர். காற்றிற் சாய்ந்திருந்ததை நிமிர்த்திவிட்டு, பொழுது சாயுமுன் இறங்கினோம்.