கூடாரத்தில் ஓர் இரவுக்கு எவ்வளவு மின்சாரம்?



பள்ளி விடுமுறை வந்தால் நம்மில் சிலர் போர்ட்டிக்சன் கடற்கரையிலோ அருவிக்கரையிலோ கூடாரம் அடித்துத் தங்குகிறோம். அரிசி, கருவாடு, கொசுவத்தி எல்லாம் எண்ணி எடுக்கிறோம். வீட்டுப் பெரியவர் தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்காக முகமூடி மாட்டி, காற்றுச் செலுத்தும் 'சீபேப்' கருவியோடு உறங்குபவரானால், மின்சாரத்தையும் எண்ணித்தான் எடுக்க வேண்டும். நள்ளிரவில் கருவி நின்றால் மூச்சடைப்பு திரும்பிவிடும்.

கருவியின் அடாப்டரில் 24 வோல்ட், 2.7 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்க ஏறக்குறைய 65 வாட். அது உச்ச அளவு. அதில் பெரும்பங்கை விழுங்குவது தண்ணீரைச் சூடாக்கும் பகுதி. மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்திவிட்டால் செலவு வெகுவாகக் குறையும். 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 160 வாட்-மணி. இரண்டு இரவுக்கு 320. மின்சாரம் மாறும்போது வீணாவதற்கும் சேர்த்து 400 என்று வைப்பதே புத்தி.

இனி, கடையில் விற்கும் 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கைப் பார்ப்போம். எண் பெரிதுதான். ஆனால் பால் எத்தனை வாளி என்பதைவிட, அதில் ரப்பர் எவ்வளவு என்றல்லவா கணக்கெடுக்கிறார்கள்? அதுபோல 20 ஆம்பியர்-மணியை உள்ளிருக்கும் கலத்தின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணிதான். ஓர் இரவுக்கே காணாது.

கார் பேட்டரி? 12 வோல்ட், 45 ஆம்பியர்-மணி என்றால் 540 வாட்-மணி. ஆனால் அது இஞ்சினைக் கிளப்புவதற்கென்றே செய்யப்பட்டது. பாதிக்குக் கீழே இறக்கினால் கெட்டுப்போகும். அவசரத்துக்கு மருத்துவமனை போகவேண்டிய நேரத்தில் காரும் கிளம்பாது. ஆகவே கருவிக்குத் தனி பேட்டரியே நல்லது. 240 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரைவிட, கருவிக்கென்றே விற்கப்படும் 12 வோல்ட் இணைப்பில் வீணாவது குறைவு.

ஆஸ்துமாப் பிள்ளையின் நெபுலைசர் கதை வேறு. 100 வாட் இழுத்தாலும் கால் மணி நேரந்தான் ஓடும். ஒரு தடவைக்கு 25 வாட்-மணி. ஆனால் அந்த 100 வாட்டையும் ஒரே மூச்சில் கொடுக்கும் வலு பேட்டரிக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, ஓர் இரவு வீட்டிலேயே கருவியை அந்த பேட்டரியில் ஓட்டிப் பார்ப்போம். காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், காகிதக் கணக்கு சரியா என்பது தெரிந்துவிடும்.