வீடு தேடும்போது நாம் கேட்கும் கேள்விகள்

(யூபிலி ஆண்டில் பங்குக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது கோவில் கட்டப்பட்ட வரலாற்றைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டோம். கோவிலைச் சுற்றி நாம் வீடு கட்டிக் குடியேறிய கதையைச் சற்றுப் பேச விரும்புகிறோம்.

நம்மில் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் சிலர்தான். நெல்லைச் சீமையிலிருந்தும், குமரியிலிருந்தும், திருச்சி, தஞ்சைப் பக்கமிருந்தும் பிழைப்பை நாடி வந்தவர்களே பலர். 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. சானடோரியமும் விமானப்படைத் தளமும் அமைந்தன. ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்கள் மெல்ல மெல்ல மனைகளாயின. மனை பார்க்க வந்த நாம் புரோக்கரிடம் கேட்ட முதல் கேள்வி, "பக்கத்தில் கோவில் இருக்கிறதா?" என்பது. இரண்டாவது கேள்வி, "நம்ம ஆட்கள் இருக்கிறார்களா?" என்பது.

முதல் கேள்வியில் குற்றமில்லை. ஞாயிறு திருப்பலிக்கு நடந்து போகும் தூரம் வேண்டும். பிள்ளைகள் மறைக்கல்விக்குத் தனியே போய்வர வேண்டும். வீட்டில் நோயாளி கிடந்தால் நள்ளிரவிலும் குருவானவர் வந்து சேர வேண்டும். இரண்டாவது கேள்விதான் நம்மை உறுத்துகிறது. அந்த 'நம்ம ஆட்கள்' என்ற சொல்லுக்குள் மதம் மட்டுமா இருந்தது? சாதியும் இருந்தது. அது நமக்கும் தெரியும், புரோக்கருக்கும் தெரியும்.

கட்சி பார்த்து வீடு பிடித்தவர்களும் உண்டு. இந்த வட்டாரத்துப் பரங்கிமலைத் தொகுதி 1967-லும் 1971-லும் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது. 1972-ல் அவர் தனிக்கட்சி கண்டார். ஒரே கொடிக்கம்பத்தடியில் நின்றவர்கள் இரண்டு கம்பங்களடியில் நின்றார்கள். கட்சிக்கு ஏற்ற தெருதான் வேண்டுமென்றால், அந்த ஆண்டில் பாதித் தெரு வீட்டைக் காலி செய்திருக்க வேண்டும்!

ஒரே விசுவாசத்தார் சேர்ந்து வாழ்வதே தவறு என்று சொல்ல வரவில்லை. நெல்லைச் சீமையில் 1799-ல் பிரிந்த சகோதரர் சபையைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம் முதலூரை அமைத்தார். மதம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்களுக்குத் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. நம் செங்கல்பட்டு மாவட்டத்திலோ, தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமாக இல்லாத நிலை இருந்தது. கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கைக்குப் பிறகே, 1892-ல் அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க முன்வந்தது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தை அவர்களுக்காக ஏற்படுத்தினார். இவர்களெல்லாம் அக்கம்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். போக வேறு இடமில்லாதவர்கள். வங்கிக் கடன் வாங்கி, மூன்று மனைகளைப் பார்த்து ஒன்றை முடித்த நாம், அவர்களை நமக்குச் சாட்சியாக அழைக்க முடியாது.

சட்டம் தடுக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆமதாபாத்தில் பார்சிகளின் வீட்டு வசதிச் சங்கம் ஒன்று பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை வைத்திருந்தது; அது செல்லும் என்று 2005-ல் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. இதற்கு நேர் எதிரானது நம் மாநிலத்துச் சமத்துவபுரம். 1997-ல் திட்டமிட்டு, 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவதைத் திறந்தார்கள். 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்பட்டோருக்கு, 10 ஏனையோருக்கு. அங்கே வழிபாட்டுத் தலத்திற்கு இடமில்லை என்பது நம் மனதுக்கு ஒப்பவில்லை. ஆனால் திருச்சியில் நம் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்குச் சாதி நடுவே சுவர் எழுப்பிய நாம், அந்தத் திட்டத்தில் குறை காணும்போது சற்றுத் தாழ்ந்த குரலில் பேசுவது நல்லது.

இனி எங்கள் வீட்டுக் கதை. முதன்முதலில் வாடகை வீடு தேடி அலைந்தபோது, "அசைவம் சமைப்பீர்களா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. இன்னொரு வீட்டில் எங்கள் கழுத்தில் கிடந்த செபமாலையைப் பார்த்ததும் வாடகை ஐந்நூறு ரூபாய் ஏறியது. அந்த அவமானத்தை மறக்கவே மாட்டோம் என்று நினைத்தோம். மறந்தோம். சொந்த வீடு கட்டி, மாடியை வாடகைக்கு விட முனைந்தபோது, கோவில் அறிவிப்புப் பலகையில் "கத்தோலிக்கக் குடும்பத்திற்கு மட்டும்" என்று சீட்டு எழுதி ஒட்டினோம். 2015-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் இசுலாமிய ஆசிரியர் மனைவி, கைக்குழந்தையோடு வந்தார். கையில் அட்வான்ஸ் பணமும் கொண்டுவந்திருந்தார். "வீடு முடிந்துவிட்டது ஐயா" என்றோம். பொய். அவர் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லைங்க" என்று சொல்லிப் போய்விட்டார். நாங்கள் எதிர்பார்த்த 'நம்ம ஆட்கள்' வரவே இல்லை. மாடி பல மாதங்கள் பூட்டியே கிடந்தது.

தொடக்க நூல் 13-ஆம் அதிகாரத்தில் லோத்து இடம் தேர்ந்தெடுத்த வரலாறு உங்களுக்குத் தெரியும். ஆபிரகாம் விட்டுக்கொடுத்தார், லோத்து நீர்வளத்தைப் பார்த்து யோர்தான் சமவெளியைத் தெரிந்துகொண்டார். அங்கே மனிதர்கள் எப்படி என்று விசாரிக்கவில்லை. நாமோ மனிதர்களைத் துருவித் துருவி விசாரித்தோம்; தண்ணீரை விசாரிக்கவில்லை. ஏரியின் உபரிநீர் எந்த வழியாய் ஓடும், அடையாற்றில் வெள்ளம் வந்தால் எதுவரை ஏறும் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் தெருக்களில் புகுந்தது. எங்கள் கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பூட்டிக் கிடந்த மாடியைத் திறந்தோம். தெருவில் நான்கு குடும்பங்கள் அங்கே மூன்று இரவுகள் தங்கின. யார் எந்த மதம், எந்தக் கட்சி என்று அப்போது விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய தேவையும் இல்லை, இத்தனை ஆண்டுகளில் எல்லாம் தெரிந்ததுதான். இரண்டாம் நாள் யாரோ கேட்டார்கள்: "நல்லவேளை மாடி காலியா இருந்துச்சு. ஏன் யாருக்கும் விடலை?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஆசிரியர் எந்தப் பகுதியில் வீடு பிடித்தார், அந்தக் கைக்குழந்தையோடு வெள்ளத்தில் எங்கே நின்றார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

லேவியர் நூலில் யூபிலி ஆண்டு என்பது நிலத்தைப் பற்றியது. விற்றுப்போன நிலம் உரியவரிடம் திரும்பும் ஆண்டு. அவ்வளவு பெரிய காரியம் நம்மால் ஆகாது. பங்குப் பேரவைக்கு ஒரு சிறு விண்ணப்பம் வைக்கிறோம்: 'மட்டும்' என்ற சொல் உள்ள வாடகைச் சீட்டுகளைக் கோவில் அறிவிப்புப் பலகையில் இனி அனுமதிக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுங்கள். மறுத்துப் பேசுபவர்களும் வரட்டும்.

எங்கள் மாடி சென்ற மாதம் மறுபடி காலியாயிற்று. வாசலில் பலகை தொங்குகிறது. இரண்டு அறை, தண்ணீர் வசதி, வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு என்று எழுதியிருக்கிறோம். வேறொன்றும் எழுதவில்லை.