அறம் வளர்த்த அம்மையார் டாக்டர் சௌந்தரம்
(பகவான் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



இம்மண்ணுக்குத் தொண்டாற்றி மறைந்த அரசியல் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையாரின் பெயரைச் சொன்னேன். "அவர் நம் சமயத்தவர் அல்லரே, நமக்கென்று என்ன செய்தார்?" என்று குழுவில் ஒருவர் வினவினார். தக்க வினாவே. வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கத்து ஊர்களிலிருந்து பணியின் பொருட்டுத் தெற்கே வந்து, திண்டுக்கல்லிலேயே தங்கிவிட்ட சில குடும்பங்கள் நாம். நம் வாக்குகளைக் கணக்கிட்டு எந்த வேட்பாளரும் திட்டம் வகுத்ததில்லை. சமணர்க்கென்று அம்மையார் தனியே எதுவும் செய்யவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றேன். ஆயினும், "உங்கள் பேரன் எங்கே பிறந்தான்?" என்று அந்நண்பரைத் திருப்பிக் கேட்டேன். "காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனையில்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் திருமகளாக 1904 ஆகஸ்ட் 18-இல் பிறந்தவர் அம்மையார். அக்கால வழக்கப்படி இளமையிலேயே மணம் முடித்தனர். மருத்துவராயிருந்த கணவர் விரைவிலேயே காலமானார். விதவைப் பெண் வெளியே வருவதையே விரும்பாத சமூகத்தில், அம்மையார் தில்லிக்குச் சென்று லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1936-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 32. செல்வர் வீட்டு மகளுக்குப் பிழைப்பின் பொருட்டு அப்பட்டம் தேவைப்படவில்லை. அதனாலேயே அம்முயற்சியை நான் பெரிதாக மதிக்கின்றேன்.

கேரளத்தைச் சேர்ந்த காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனை அவர் மறுமணம் செய்துகொள்ள விரும்பியபோது பெற்றோர் உடன்படவில்லை. காந்தியடிகளோ ஓராண்டுக் காலம் இருவரும் தொடர்பின்றிப் பிரிந்திருக்கவேண்டும் என்றும், அதன்பின்னும் உள்ளம் மாறாதிருந்தால் மணக்கலாம் என்றும் கூறினார். உள்ளம் மாறவில்லை. 1940 நவம்பர் 7-இல் சேவாகிராமத்தில் அண்ணல் முன்னிலையில் திருமணம் நடந்தது. நோன்பின் அருமையறிந்த நமக்கு அவ்வோராண்டின் கடுமையை விளக்கவேண்டுவதில்லை.

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளோடு சிறு மருத்துவகம் ஒன்றை அம்மையார் தொடங்கினார். அதே ஆண்டு அக்டோபர் 7-இல் காந்திகிராமம் உருவாயிற்று. இன்று மதுரைச் சாலையில் செல்வோர் மரங்களையும் கட்டடங்களையும் காண்கின்றனர். அன்று அது நெசவாளரும் உழவரும் வாழ்ந்த, மகப்பேற்றில் தாயை இழப்பதை விதியென்று ஏற்றுக்கொண்டிருந்த சிற்றூர்களின் நடுவே கிடந்த வறண்ட நிலம். அவ்விரண்டு படுக்கைகளே பின்னர்க் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தன. கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளை ஏற்று வளர்த்து, சட்டப்படி நல்ல பெற்றோரிடம் சேர்ப்பிக்கும் பணியும் அங்கே வேரூன்றியது. கணவனை இழந்தோரும் கைவிடப்பட்டோரும் விட்ட படிப்பைத் தொடர்ந்து தொழில் கற்கச் சேவிகாசிரமம் வழி செய்தது. 1956-இல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

அம்மையாரைத் தொண்டர் என்று மட்டும் போற்றி, அவர்தம் அரசியலைச் சொல்லாமல் விடுவோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. 1952-இல் ஆத்தூர், 1957-இல் வேடசந்தூர்த் தொகுதிகளிலிருந்து சட்டமன்றத்திற்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். நடுவணரசில் கல்வித் துணையமைச்சராகவும் இருந்தார். அதே 1962-இல் பத்மபூஷண் விருதும் வந்தது. வெயிலில் ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்ட கால்களும், நள்ளிரவில் மகப்பேறு பார்க்கச் சென்ற கால்களும் ஒன்றே. 1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் தாய்சேய் நலத்தையும் குடும்ப நலத்தையும் முன்னிறுத்தி ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கிற்று. அச்சொற்களைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லவே கூசிய காலம் அது. 1964-இல் அத்திட்டம் ஊரக நல்வாழ்வு நிறுவனமாக வளர்ந்தது.

1967-இல் காற்று மாறியது. தமிழகத்தில் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. திண்டுக்கல் மக்களவைத் தொகுதியும் தி.மு.க.வுக்குச் சென்றது. பதவியோடு தோன்றிய பணிகள் பதவியோடு மறைவதை எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம். திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் நிற்கும், உள்ளே ஆளிருக்காது. இங்கே அவ்வாறு நேரவில்லை. மருத்துவமனையில் மறுநாளும் பிள்ளைகள் பிறந்தனர், பள்ளியில் மறுநாளும் மணி அடித்தது. அம்மையார் காந்திகிராமப் பணியைத் தொடர்ந்தார். 1984 அக்டோபர் 21-இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டுதான் திண்டுக்கல் தனி மாவட்டமே ஆயிற்று.

இவ்விடத்தில் நம் ஐவர்மலையை நினைக்கின்றேன். பழனிக்கருகில் உள்ள அம்மலையின் கல்வெட்டு, சகம் 792, அதாவது கி.பி. 870-இல் வரகுண பாண்டியன் காலத்தது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவ பட்டாரர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கி, திருவமுதுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்ததை அது கூறுகின்றது. கொடுப்பவர் மறைந்தபின்னும் சோறு நிற்கவேண்டும் என்று எண்ணிய ஏற்பாடு அது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களுள், அபயத்தையே அம்மையாரின் பணிகளில் நான் முதலாவதாக வைப்பேன். மருந்தை விலைக்கு வாங்கலாம். யாரும் வேண்டாமென்று விட்டுச்சென்ற குழந்தைக்கு அபயத்தை எந்தக் கடையில் வாங்குவது?

ஆதலின் இவ்வவையின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். இவ்வாண்டு விழா நிதியில் எஞ்சும் தொகையை அடுத்த ஆண்டுப் பந்தலுக்கென்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் ஒரு பங்கை வைப்பாக இட்டு, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்ட் 18-இல் அம்மருத்துவமனைக் குழந்தைகளுக்குப் பாலும் துணியும் வழங்கலாம். பந்தல் சற்றுச் சிறிதாகும். இளையோர் பின்வரிசையில் நின்றுகொள்வர். செயற்குழு அடுத்த ஞாயிறு கூடுகின்றது. உடன்படுவோர் அதற்குள் செயலரிடம் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கின்றேன். என் ஒரு மாத ஓய்வூதியத்தை இன்றே அவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.